பத்து மில்லி வளர்ந்த கல்

திங்கட்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்த என் தங்கை பையைக் கழற்றவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, கல்லு வளருமா?"

"எந்தக் கல்லு?"

"சும்மா ஒரு கல்லு."

"வளராது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்படின்னா எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பையோடும் செருப்போடும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். காரம் பிறகு தானாகச் சேர்ந்துகொண்டது. நான் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை மிளகு சொல்லிக் கேட்க வேண்டும். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அவள் சொல்லச் சொல்லப் பலமுறை கேட்டவன் என்பதால் நான் எழுதுகிறேன். குரல்களை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று ஆய்வகத்தில் நடந்தது இதுதான்.

ஒரு பெட்டி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். ஒரு கல்லுக்கு எது நீளம், எது அகலம்? கோணல்மாணலாக அல்லவா இருக்கிறது! அதனால் அளவு ஜாடியில் நூறு மில்லி தண்ணீர் ஊற்ற வேண்டும். கல்லை நூலில் கட்டி மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். கல் உட்கார இடம் வேண்டும் என்பதால் தண்ணீர் மேலே ஏறும். எத்தனை மில்லி ஏறுகிறதோ, அதுதான் கல் அடைத்துக்கொண்ட இடம்.

ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு கல் இருந்தது. எல்லாருக்கும் அதே கல்தான்.

"வகுப்புல எல்லாருக்கும் இருபத்திரண்டு மில்லி வந்துச்சு" என்றாள் மிளகு. "சாரோட பட்டியல்லயும் இருபத்திரண்டு. சரிபார்க்க உன்கிட்ட வாங்கிட்டுப் போனேனே, உன் பழைய நோட்டு, அதுலயும் இருபத்திரண்டு. எனக்கு மட்டும் தண்ணி நூத்தி முப்பத்திரண்டுல போய் நிக்குது. பத்து மில்லி அதிகம்!"

"சரியாப் பாத்திருக்க மாட்டே."

"மூணு தடவை பாத்தேன்."

"சார் என்ன சொன்னார்?"

அவள் அறிவியல் சார் போலவே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். அவளிடம் கண்ணாடி கிடையாது. விரலால் காற்றைத் தூக்கினாள். "'சரியா வர்ற வரைக்கும் திரும்பச் செய்யும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள யார் நோட்டுல என் கையெழுத்து இருக்கோ, அவங்கதான் சனிக்கிழமை பஸ்ல ஏறலாம்.'"

சனிக்கிழமை பஸ் கோளரங்கத்துக்குப் போகிறது. உருண்டைக் கூரைக்குள் விளக்கை அணைத்து, வானம் முழுவதையும் காட்டும் கட்டடம் அது. மூன்று மாதமாக வீட்டில் அதே பேச்சுதான். அவளுடைய பக்கத்து இருக்கைக்காரிக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாயை மூடவே மாட்டாள். போகும்போது வானொலிக்கு ஜன்னல், வரும்போது மிளகுக்கு ஜன்னல் என்று இருவரும் ஒப்பந்தமே போட்டிருந்தார்கள்.

"அந்த வானொலி என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"'இருபத்திரண்டுன்னு எழுதித் தொலையேன்டி, எனக்குப் பக்கத்துல வேற யாராவது வந்து உக்காந்துடப் போறாங்க'ன்னு சொல்றா."

"நல்ல யோசனைதானே? எழுதிடு."

மிளகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. குழப்பமாகப் பார்த்தாள்.

"எழுதிடலாம். ஆனா தண்ணி நூத்தி முப்பத்திரண்டுல நிக்குதேண்ணா!"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வழக்கு அப்பாவிடம் போனது. அப்பாவுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. உலகத்தில் நடக்கிற எல்லாத் தவறுகளுக்கும் கண்தான் காரணம் என்பது அவர் கட்சி. பால் பொங்கி வழிந்தால்கூட அம்மாவின் கண்ணைப் பரிசோதிக்கலாமா என்று கேட்பார்.

"முப்பத்திரண்டா? இது கண்ணுதான். சந்தேகமே இல்லை. நாளைக்குக் கடைக்கு வா."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுப்பா."

"தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அம்மா தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. தெருவில் பாதிப் பேருடைய அளவு அதில் இருக்கும்.

"ஏன் வளராது?" என்றாள் அம்மா. "என் நோட்டுல இருக்கிற ஒருத்தரும் போன வருஷ அளவுல இல்லை. கல்லும் கொஞ்சம் சதை போட்டிருக்கும்."

எல்லாரும் சிரித்தோம். மிளகு சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அப்பா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரிவரை படித்தாள். கடைசி வரிக்குக் கீழே, பலகையைச் செய்த அச்சகத்தின் முகவரியையும் படித்தாள்.

அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"கழுகுக் கண்ணு" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "ஜாடியை எங்கிருந்து பாத்தே? மேல இருந்தா? மேல இருந்து குனிஞ்சு பாத்தா கோடு இடம் மாறித் தெரியும். கண்ணும் தண்ணியும் ஒரே மட்டத்துல இருக்கணும்" என்றார்.

மிளகுக்கு முகம் மலர்ந்தது. காரணம் கிடைத்துவிட்டது!

புதன்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கே லேப் அண்ணன் சோதனைக் குழாய்களைப் பிரஷ் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தைப் பூட்டுவது, திறப்பது, பொருள்களை எடுத்துவைப்பது எல்லாம் அவர் வேலை.

"மறுபடியும் கல்லா பாப்பா? நீ இந்தக் கல்லைக் குளிப்பாட்டுற மாதிரி எங்க வீட்டுல யாரும் குளிக்கிறதில்லை" என்றார்.

மிளகு தரையில் முட்டி போட்டாள். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்தாள். கல்லை இறக்கினாள்.

நூற்று முப்பத்திரண்டு.

நூலும் இடத்தை அடைக்குமே என்று நினைத்து, நூலை மட்டும் சுருட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் அசையவே இல்லை.

ஜாடியில் தவறு இருக்குமோ? வேறொரு ஜாடியில் நூறு மில்லி எடுத்து இதில் ஊற்றினாள். நூறு, நூறாகவே இருந்தது.

கல் தண்ணீரைக் குடிக்கிறதோ? இடைவேளை முடியும்வரை கல்லைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைத்தாள். குடித்தால் மட்டம் இறங்கத்தானே வேண்டும்? இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

வீட்டுக்கு வந்து விரல்விட்டு எண்ணினாள்.

"கண்ணு சரி. ஜாடி சரி. நூல் சரி. தண்ணி சரி. கல்லு வளராதுன்னு நீ சொல்லிட்டே. அப்ப எதுண்ணா தப்பு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

"நான்தான் தப்பா இருக்கணும். வேற எதுவுமே மிச்சம் இல்லையே" என்றாள்.

அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் கடைசியில் வந்த விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மேசையில் நோட்டைத் திறந்துவைத்து, பேனா மூடியைக் கழற்றினாள். மற்ற எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. ஒரு கட்டம் மட்டும் காலி.

"சரி, இருபத்திரண்டுன்னே எழுதிடறேன். நாளைக்குக் கையெழுத்து வாங்கிடறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள். "நீ கல்லைப் போட்டப்ப தண்ணி எப்படி ஏறுச்சு? மெதுவாவா? கல்லு எந்தப் பக்கம் சாஞ்சு நின்னுச்சு? எனக்கு எப்பவும் இடது பக்கம்தான் சாயுது."

நான் என் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினேன்.

"மூணு வருஷம் ஆச்சே, மறந்துட்டியா? பரவாயில்லை. கல்லு நெறைய பாரமா இருந்துச்சா, அதையாவது சொல்லு."

"மிளகு" என்றேன். "நான் அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை."

பேனா அப்படியே நின்றது.

"அப்புறம் இருபத்திரண்டு?"

"பாத்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. யாராவது ஒரு அண்ணன்கிட்ட, அக்காகிட்ட பழைய நோட்டை வாங்குவோம். கல்லைச் சும்மா தண்ணிக்குள்ள விடுவோம். சில பேர் அதுகூட இல்லை. கண்ணு நோட்டு மேலதான் இருக்கும். ஜாடியை யாரு பாத்தா?"

மிளகு பேனாவை மூடிவைத்தாள். கண், ஜாடி, நூல், தண்ணீர் என்று எல்லாவற்றையும் அவள் சந்தேகப்பட்டாள். என் நோட்டை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அதில் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு."

"மூணு நாளா எனக்குப் பைத்தியம்னு நெனைச்சேன். உனக்கு வெக்கமா இருந்துச்சாம்!"

அளவுகோலால் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"யாரைப் பாத்து எழுதினே?"

"மாமா பையனைப் பாத்து."

அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாமா பையன் பதினெட்டு வயதுக்காரன். குழாய் வேலை கற்றுக்கொண்டிருந்தான். எங்கேயோ தண்ணீர் ஒழுகும் சத்தத்துக்கு நடுவே கத்தினான்.

"கல்லா? நானா? அளந்தேனா? நல்ல கதை! மருந்துக்கடையில நிக்கிறாங்களே ஒரு அக்கா, அவங்க நோட்டைப் பாத்து எழுதினேன். இதுக்கெல்லாம் போலீஸ் வருமா?"

மருந்துக்கடை எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. உடனே இருவரும் போனோம். அக்கா மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்? இருமலா, காய்ச்சலா?"

"கல்லு" என்றாள் மிளகு.

"அதுக்கு டாக்டரைப் பாக்கணும்மா."

மிளகு எல்லாவற்றையும் விளக்கினாள். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, ஒன்பது வருஷம் ஆச்சு! ஆமா, நான் அளந்தேன்."

"நெஜமாவா? பாத்து எழுதலையா?"

"யாரைப் பாத்து எழுதறது? அந்த வருஷம்தான் லேப் திறந்தாங்க. எங்களுக்கு முன்னாடி யாருகிட்டயும் நோட்டே கிடையாது. வேற வழியில்லாம அளந்தோம்." அக்கா பெருமூச்சு விட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டு இருபத்திரண்டுன்னு கண்டுபிடிச்சேன். கறுப்புக் கல்லு. சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும். கையில நிக்காது, ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு."

மிளகு கண்ணாடி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பா? சாம்பல் நிறமில்லையா?"

"கறுப்பு."

"ஒரு முனை உடைஞ்சு சொரசொரன்னு..."

"எங்கேயும் உடையலை. முழுக் கல்லு."

திரும்பி வரும்போது மிளகு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியை அடித்து ஓய்ந்து, சுற்றிக்கொண்டு போனார்.

"நான் தப்பில்லை! அந்த அக்காவும் தப்பில்லை!"

"ரெண்டு பேரும் எப்படிச் சரியா இருக்க முடியும்?" எனக்கு இன்னும் புரியவில்லை.

"ரெண்டு கல்லுண்ணா! ரெண்டு கல்லு!"

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். நானும் கூடவே போனேன். லேப் அண்ணன் அப்போதுதான் பூட்டைத் திறந்தார்.

"அண்ணே, அந்தக் கறுப்புக் கல்லு எங்கே?"

லேப் அண்ணனின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது.

"கறுப்புக் கல்லைப் பத்தி உனக்கு யாரு பாப்பா சொன்னா?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த விஷயம். ஆய்வகக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்ததாம். கையில் கிடைத்த அந்தக் கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாராம். அப்போது வெளியே சைக்கிள் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் வந்தார், கீழே கிடந்த கல்லை எல்லாம் பொறுக்கினார், இதையும் சேர்த்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்.

"நான் ஓடிப் போய்ப் பாத்தேன். சிமென்ட் காஞ்சுபோச்சு. அதான் மைதானத்துல தேடி, ஏறக்குறைய அதே அளவுல ஒரு கல்லைக் கொண்டுவந்து வெச்சேன். கல்லுக்குக் கல்லு சரியாப் போச்சுன்னு நெனைச்சேன் பாப்பா. சர்க்கரை போயிருந்தா சர்க்கரை வெப்போம், உப்பு போயிருந்தா உப்பு வெப்போம். அது மாதிரிதானே? எட்டு வருஷமா ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கலையே!"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பள்ளிக்கூடப் பொருள் பதிவேட்டுல எழுதியிருக்கு, 'கல் ஒன்று'ன்னு. காணோம்னு தெரிஞ்சா என்னைக் கேப்பாங்களே!"

மிளகு கொஞ்சம் யோசித்தாள்.

"கல்லு ஒண்ணு இருக்கத்தானே செய்யுது?" என்றாள். பிறகு, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்ணே" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "சொல்லாம எப்படி? சார் கையெழுத்துப் போட மாட்டாரே! பஸ்?"

"தெரியலையே" என்றாள். மறுபடியும் அதே குழப்ப முகம்.

மீதியை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அறிவியல் வகுப்பு ஆய்வகத்திலேயே நடந்தது. சார் வரிசையாக நோட்டுகளை வாங்கிக் கையெழுத்துக்காக அடுக்கினார். கடைசியாக மிளகின் நோட்டைத் திறந்தார். காலியாக இருந்த கட்டத்தில் இப்போது எழுதியிருந்தது: 'கல் சாம்பல் நிறம். ஒரு முனை உடைந்தது. தண்ணீர் ஏறியது 32 மில்லி. ஏழு தடவை பார்த்தேன்.'

"மறுபடியும் முப்பத்திரண்டா?" சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு நீ வர வேண்டாமா?"

"வரணும் சார். ரொம்ப வரணும்."

"அப்புறம் ஏம்மா அடம் பிடிக்கிறே?"

மிளகு எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை நீங்க போட்டுப் பாருங்க சார். இருபத்திரண்டு வந்துச்சுன்னா இதை அடிச்சிட்டு இருபத்திரண்டுன்னு எழுதறேன். நாளைக்கு வீட்டுலயே இருந்துடறேன்."

வானொலிகூட வாயை மூடிக்கொண்டாள்.

சார் ஜாடியை எடுத்தார். நூறு மில்லி ஊற்றினார். கல்லை இறக்கினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். பிறகு பேண்ட் அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் முட்டி போட்டுப் பார்த்தார். கல்லை எடுத்துத் துடைத்து, தண்ணீரை மாற்றி, இன்னொரு தடவை போட்டார்.

தன் பட்டியலைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"இது எனக்கு முன்னாடி இருந்த சார் கொடுத்த பட்டியல்..." என்று முணுமுணுத்தார். "கல்லு வளராதே!"

மிளகு வாயே திறக்கவில்லை. கதவு ஓரத்தில் நின்ற லேப் அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததுதான் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"சார்" என்றார் லேப் அண்ணன். "அது ரெண்டாவது கல்லு."

எல்லாவற்றையும் சொன்னார். கதவு, காற்று, கொத்தனார், சுவர்.

"எட்டு வருஷமா ஏன் சொல்லலை?" என்றார் சார்.

"யாரும் கேக்கலையே சார்."

சார் இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் கை மெதுவாக நோட்டு அடுக்கின் மேல் போனது. முதல் நோட்டைத் திறந்தார், இருபத்திரண்டு. இரண்டாவதைத் திறந்தார், இருபத்திரண்டு. மூன்றாவது. நான்காவது. வகுப்பில் ஒவ்வொரு தலையாகக் கீழே குனிந்தது.

"முப்பத்தெட்டுப் பேர்!" என்றார் சார். "சைக்கிள் கொட்டகைச் சுவத்துக்குள்ள இருக்கிற கல்லை, முப்பத்தெட்டுப் பேர் இந்த வாரம் அளந்திருக்கீங்க!"

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

சார் மிளகின் நோட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "நாளைக்கு பஸ்ல நீ மட்டும்தான்."

மிளகு நோட்டை வாங்கிக்கொண்டாள். நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து போவதை நினைத்துப் பார்த்தாள். எல்லா ஜன்னலும் அவளுக்குத்தான். பக்கத்தில் பார்த்தாள். வானொலியின் மூக்கு சிவந்திருந்தது.

"சார், இன்னும் ரெண்டு பீரியட் இருக்கு இல்லையா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"ரெண்டு பீரியட்னா எண்பது நிமிஷம். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னா எழுபத்தாறு. நாலு நிமிஷம் மிச்சம்கூட இருக்கும். நான் கல்லைத் துடைச்சுக் கொடுக்கறேன் சார்."

சார் அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேரும் சாரைப் பார்த்தார்கள்.

"முதல்ல நான்" என்றார் சார். பட்டியலில் இருந்த இருபத்திரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினார். "ம், வரிசையா வாங்க. பழைய நோட்டு எல்லாம் பைக்குள்ள போகட்டும்."

எண்பது நிமிஷம் அந்த அறையில் ஒரே அமர்க்களம். மிளகு துண்டை வைத்துக் கல்லைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். லேப் அண்ணன் தண்ணீர் ஊற்றினார். நிறையப் பேருக்கு முப்பத்திரண்டு வந்தது. சிலருக்கு முப்பத்தொன்று. இரண்டு பேருக்கு முப்பத்து மூன்று. ஒருவன் கல்லைத் தொப்பென்று போட்டுத் தண்ணீரைச் சாரின் சட்டையில் தெறிக்கவிட்டான்; அவனுக்கு இருபத்தொன்பது.

வானொலி குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

"முப்பத்து நாலு தெரியுது சார். எழுதலாமா? இல்லை, இவளுக்கு வந்ததையே எழுதிடட்டுமா?"

"உனக்கு என்ன தெரியுதோ, அதை எழுது. முட்டி போட்டு இன்னொரு தடவை பாத்துட்டு எழுது."

"ஒரே கல்லு, ஒரே ஜாடி, இத்தனை பதிலா? எனக்கு ஒண்ணுமே புரியலைடி" என்று வானொலி மிளகின் காதில் சொன்னாள்.

"எனக்கும் திங்கக்கிழமை அப்படித்தான் இருந்துச்சு. போகப் போக நல்லாத்தான் இருக்கும், உக்காரு" என்றாள் மிளகு.

நான்கு நிமிஷம் மிச்சம் இருக்கவில்லை. ஆறு நிமிஷம் கூடுதலாகத்தான் ஆனது. கடைசி மணி அடித்த பிறகும் சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் பஸ் நிறைந்து போனது. ஒப்பந்தப்படி திரும்பும் வழி முழுக்க மிளகு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தாள் என்றும், வானொலி ஒரு நிமிஷம்கூடப் பேச்சை நிறுத்தவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏழாம் வகுப்புக்கு வந்தவள்.

"அக்கா, உங்க அறிவியல் நோட்டு கொஞ்சம் தர்றீங்களா? சும்மா, சரிபார்க்கத்தான்."

மிளகு மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சிறுமி வாசலிலேயே நின்று பக்கங்களைப் புரட்டினாள். தேடியது கிடைத்ததும் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டியா?" என்றாள் மிளகு. "ஆனா போன வாரம் லேப் அண்ணன் கல்லை மாத்திட்டாரே. இனிமே வருஷத்துக்கு ஒரு கல்லுன்னு சார் சொல்லிட்டாராம்."

சிறுமி உள்ளங்கையைப் பார்த்தாள். மிளகைப் பார்த்தாள். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஐயோ! அப்ப நான் என்னன்னு எழுதறது அக்கா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மிளகு. "அது கல்லுக்குத்தான் தெரியும். தண்ணிக்குள்ள இறக்கி, அதுகிட்டயே கேளு."